எந்தக் கண்டம்?

துனிசியாவின் காபெஸ் ஊரில் மசூதாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கறுப்புத் துனிசியக்காரி. அவளுடைய கொள்ளுப்பாட்டியை ஓர் எண்ணெய்ச் செக்குக்காரர் அடிமையாக விலைக்கு வாங்கியிருந்தார். அந்த வீட்டுப் பேரன்கள் இன்றைக்கும் இவள் குடும்பத்தை ‘எங்க வஸீஃப்’ என்றுதான் சொல்வார்கள். ஏவலாள் என்று அர்த்தம். கறுப்பர் எல்லாருக்குமே அங்கே அதுதான் பெயர்.

செக்குக்காரர் வீட்டுக் கல்யாணமென்றால் மசூதா வீட்டுப் பெண்கள் முன்கூட்டியே போய், விருந்துக்குக் கோதுமை ரவையில் குஸ்குஸ் உருட்டிக் கொடுக்க வேண்டும். சாப்பாடு கொல்லைப்புறத்தில். ஒரு கல்யாணத்தில் மசூதா பட்டு உடுத்தி, பரிசும் கையுமாக நேரே கூடத்துக்குப் போய், மணப்பெண்ணின் அத்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடுப்படி அந்தப் பக்கம்டி,” என்றாள் அத்தைக்காரி.

“தெரியும் மாமி. நான் கல்யாணத்துக்கு வந்திருக்கேன். கறி வெந்துருச்சுன்னா சீக்கிரம் போடச் சொல்லுங்க, பசி உசுரு போகுது.”

அன்றோடு கொல்லைப்புறப் பந்தி ஒழிந்தது. அப்புறம் கறுப்பர் உரிமைக் கூட்டங்களில் பேச அவளை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

“ஆப்பிரிக்கக்காரங்க வந்து குவியுறாங்கன்னு மூக்கால அழுவுறீங்களே, துனிசியா எந்தக் கண்டத்துல இருக்கு? ஐரோப்பாவுக்குக் குடி போயிருச்சா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!”

கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பவள் அகிசி. ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்து, வீடுகளில் துடைத்துக் கூட்டிப் பிழைப்பவள். ‘அக்கா, அக்கா’ என்று மசூதாவின் பின்னாலேயே சுற்றுவாள்.

அந்த வசந்தத்தில் ஊர் கெட்டுப்போயிருந்தது. வெளிநாட்டுக் கறுப்பர்களை வீட்டுக்காரர்கள் சாமானோடு தெருவில் தள்ளினார்கள். உள்ளூர்க் கறுப்பர்களுக்கும் அடி விழுந்தது. அடிப்பவன் நின்று விசாரிக்கவா போகிறான்? இதைக் கண்டித்து ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கூட்டம். மசூதாவும் அகிசியும் ஷேர் வேனில் ஏறினார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட அகிசி மரவள்ளிக் குருணை அவித்து மூட்டை கட்டியிருந்தாள். இடமில்லாததால் மூட்டை மசூதாவின் மடியில் இருந்தது.

டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“ஆப்பிரிக்கக்காரங்க ரெண்டு பேரும் இறங்குங்க. வழியில போலீஸ்காரன் சோதனை போடுறான், வண்டியப் புடுங்கிருவான்.”

அகிசி பயப்படவில்லை. அரைச் சிரிப்போடு மசூதாவின் வாயையே பார்த்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியுமே!

வரவில்லை. வேனில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பின. டிரைவரின் விரல் மசூதாவின் மூக்குக்கு நேரே நின்றது. அவள் கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டியது.

“நான் துனிசியாப்பா. பாரு. நான் ஆப்பிரிக்கக்காரி இல்ல.”

“அடடா, மனசுல வச்சுக்காதம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. முன் சீட்டுக்கு வா, காத்து நல்லா வரும்.”

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது. அகிசி இறங்கினாள். மசூதா மடியில் இருந்ததை அப்படியே அணைத்துக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். காற்று நன்றாகத்தான் வந்தது. ஊரைத் தாண்டிய பிறகுதான் மடியில் மூட்டை இருப்பது உறைத்தது. இன்னும் சூடாக இருந்தது. வண்டியைத் திருப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கொல்லைப்புறத்தில் சாப்பிட்ட காலத்தில்கூட இவ்வளவு கேவலமாகத் தோன்றியதில்லை.

ஸ்ஃபாக்ஸில் மூட்டையை மேடை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் பேசினாள். பேச்சில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: “அந்தக் கண்டத்தைக் கேளுங்கக்கா!”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பழகிப்போன வாய் கேட்டுவிட்டது.

“துனிசியா எந்தக் கண்டத்துல இருக்கு?”

“ஆப்பிரிக்கா!” கூரை அதிர்ந்தது. கைதட்டல் ஓயவில்லை.

வாசலில் அகிசி நின்றிருந்தாள். ஏதோ வெங்காய லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், தலையெல்லாம் சருகு. அவள் கைதட்டவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து மேடைக்கு வந்தாள்.

“அகிசி...” என்றாள் மசூதா.

அகிசி குனிந்து மேசைக்கடியிலிருந்து மூட்டையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“இது என்னோடது, மேடம்.”