திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

நடன விழாவுக்கு ஆள் தெரிவுசெய்யிற வேலைக்கு ஆடத் தெரியாட்டியும் காரியமில்லை, அடுத்தவள் நல்லா ஆடேக்க முகத்தைச் சிரிச்சபடி வைச்சிருக்கத் தெரியவேணும். உங்களிலயும் ஆராவது இந்தப் பொல்லாத வேலையில அகப்பட்டிருந்தா, நான் சொல்லுறது விளங்கும்.

நான் வெள்ளவத்தையில நடனம் படிப்பிச்சனான். வெள்ளைக்காரன்ர ஆட்சி முடியப்போற காலம். நவராத்திரிக்கு எங்கட ஆக்கள் சேர்ந்து சின்னதாய் ஒரு நடன விழா நடத்துவினம். ஆடுறவையைத் தெரிவுசெய்யிற குழுவில மூண்டு பேர்: பென்சன் எடுத்த தபாலதிபரான தலைவர், நான், மற்றது கொட்டாஞ்சேனைப் பரிமளம். அவவும் டான்ஸ் டீச்சர்தான், என்னிலும் இளையவ. கடைசி நாள் மேடை எண்டா சனம் முட்டி வழியும். அது வருசா வருசம் பரிமளத்தின்ர பிள்ளையளுக்குத்தான் போகும். அதைப் பாத்திட்டு என்னட்டைப் படிச்ச பிள்ளையளின்ர தாய்மார் ஒவ்வொருத்தராய் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கிட்டினம். இந்த முறையும் கடைசி நாள் கிடைக்காட்டி நான் வகுப்பை இழுத்து மூடவேண்டியதுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஹெவ்லொக் டவுன் தேத்தண்ணி

அப்பெல்லாம் பிள்ளையள் எங்களைத் தேடி வராயினம். நாங்கள்தான் பெண் பாக்கப் போறமாதிரி வீட்டுக்கு வீடு போய்க் கேக்கவேணும். ஹெவ்லொக் டவுனில வழக்குப் பேசுற ஒரு புரொக்டர் வீடு. கேக், பற்றிஸ், தேத்தண்ணி எல்லாம் வந்துது. பிள்ளை மட்டும் வரேல்ல. நான் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன். பரிமளம் எழும்பிக் குசினிக்குள்ள போனா. என்ன மந்திரம் போட்டாவோ, கொஞ்ச நேரத்தில பிள்ளை சலங்கையோட வந்து நிக்குது! நல்லாவும் ஆடிச்சுது. நான் வாயெல்லாம் பல்லாய் இருந்தன். உள்ளுக்குள்ள பத்தி எரிஞ்சுது. கேற்றடி வரைக்கும் வந்த தாய், என்னைத் திரும்பியும் பாக்காமல், பரிமளத்தின்ர கையைப் பிடிச்சுச் சொன்னா: "பிள்ளை விழாவில ஆடட்டும் அம்மா, ஆனா ஆம்பிளையள் ஒருத்தரும் பாக்கக்கூடாது."

கோட்டை ஸ்டேசனில ஒரு மாலை

மிருதங்கத்துக்குத் தஞ்சாவூரில இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டம். கடிதம் எழுதினது நான். மறுமொழி வருமோ எண்டு தபால்காரனைப் பாத்து நிண்டது நான். அவர் தங்குறதுக்கு ஒரு தோதான அறை தேடி அலைஞ்சதும் நான்தான். தலைமன்னார் ரயில் வாற காலமை, கொட்டுற மழையில மாலையும் கையுமாய்ப் போய் நிண்டன். போட்ட மாலையை அதே இடத்தில கழட்டி எடுக்கவேணும் போல கிடந்தது எனக்கு, ஏனெண்டா மாலை விழுந்த கையோட அவர் கேட்டது இது: "ரொம்ப சந்தோஷம்மா. கொட்டாஞ்சேனையிலே பரிமளம்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க வரலையா?"

தலைவரின்ர வேட்டி

கொழும்பில எங்கட ஆக்கள் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஆரைத் தெரிவுசெய்தாலும் மற்றவை கோவிச்சுக்கொண்டு போவினம். இதுக்கு முடிவு கட்டத் தெரிவு நாளில தலைவர் தன்ர எட்டு முழ வேட்டியைக் கயித்தில கட்டித் தொங்கவிட்டார். ஆடுற பிள்ளை வேட்டிக்குப் பின்னால. எங்களுக்குத் தெரியிறது கணுக்காலுக்குக் கீழ மட்டும். எல்லாருக்கும் ஒரே அலாரிப்பு, எல்லாருக்கும் அந்தத் தஞ்சாவூர்க்காரரின்ர மிருதங்கம். மூண்டு பேரில ரெண்டு பேர் "ஓம்" எண்டாப் போதும். "அப்ப கண்ணும் கையும் என்னத்துக்கு ஐயா?" எண்டு நான் சீறினன். அந்த மனிசன் அசையேல்ல: "முகத்தைக் கண்டா ஆரின்ர பிள்ளை எண்டு பாப்பியள். காலைக் கண்டா ஆட்டத்தைப் பாப்பியள்."

மருதாணிக் கால்

முதல் வந்த கால்கள் எல்லாம் சுமார். பிறகு வந்துது பாருங்கோ ஒரு சோடி! மருதாணி போட்ட கால். பரிமளத்தின்ர பிள்ளையள்தான் மருதாணி இல்லாமல் சலங்கை கட்டாயினம். அடி ஒவ்வொண்டும் ஆணி அறைஞ்சமாதிரி விழுகுது, தாளம் ஒரு இடத்திலயும் பிசகேல்ல. இவ்வளவு நல்லாப் பழக்கிப்போட்டாளே, பாவி! தலைவர் "ஓம்" எண்டார். நான் முந்திக்கொண்டு, "இல்லை. குதிக்கால் விழுறது பாரம், அவசரமும் கூட" எண்டன். மிச்சம் பரிமளம். அவ யோசிக்கவேயில்லை. "ஓம் ஐயா, கடைசி நாளை இந்தப் பிள்ளைக்குத்தான் குடுக்கவேணும்" எண்டா.

வேட்டியை விலக்கினா, நிக்கிறது என்ர வகுப்புப் புவனேஸ்! தமக்கையின்ர கலியாணத்துக்குப் போட்ட மருதாணியாம். கைபிடிச்சுப் பழக்கின பிள்ளைக்கு நானே "இல்லை" சொல்லிப்போட்டன். கடைசி நாள் எனக்குத்தான், வகுப்பும் தப்பிச்சுது. ஆனா தந்தது ஆர்? நிலம் பிளந்து உள்ள போகமாட்டனோ எண்டிருந்தது. பரிமளம் கிட்ட வந்து, மற்றவைக்குக் கேக்காமல் சொன்னா: "முதல் அடியிலயே உங்கட பிள்ளை எண்டு விளங்கிட்டுது அக்கா. எங்கட கொட்டாஞ்சேனையில ஒருத்தரும் இப்பிடி அழுத்தித் தட்டமாட்டினம்."

அதுவரைக்கும் அவ நல்லாப் படிப்பிக்கிறா எண்டு மட்டும்தான் எனக்குப் பொறாமை. அந்த நாளில இருந்து, நல்லவளாயும் இருக்கிறாளே எண்டு அதுக்கும் சேர்த்து எரியவேண்டிக் கிடக்கு.