பதினெட்டு என்று சொன்னேன்

என் கார் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று நான் சொன்னது பொய். அது ஒன்பதுதான் கொடுத்தது. அந்தப் பொய்யால் ஒரு உயிர் போயிருக்கலாம். அந்தப் பழியை நான் சுமக்கவில்லை. இன்னொருவர் மூன்று வருடமாகச் சுமக்கிறார்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? மைலேஜில் கூட்டிச் சொல்லாதவன் எவன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்... வெகுநாள்.

நான் நில அளவையர். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் பதினாறு வருடமாக நிலம் அளக்கிறேன். வரப்பு ஒரு சாண் தள்ளிப் போனால் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்ளும் இடங்களில், நான் சொல்லும் அளவை இரு தரப்பும் ஏற்றுக்கொள்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். “சர்வேயர் சொன்னா சரியா இருக்கும்” என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்வார். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் நான் பொய் சொன்னேன்.

நாற்பது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பெங்களூரில் ஒருவர் ஓட்டிய டர்போ பெட்ரோல் காரை வாங்கினேன். கருஞ்சாம்பல் நிறம். காலை அழுத்தினால் முதுகு இருக்கையோடு போய் ஒட்டிக்கொள்ளும். வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் மூன்றே கிலோமீட்டர். “வேங்கிக்காலுக்குள்ளயே சுத்தறதுக்கு இந்த வண்டி எதுக்குங்க?” என்று என் மனைவி மலர் கேட்டாள். ஆசை, வேறென்ன?

டர்போவின் குணத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். அது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக, கால் நோகாமல் ஓட்டினால் வண்டி சாதுவாக இருக்கும். நம் ஊரில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடந்து வரும் பக்தர்களுக்கும் நின்று நின்று கிளம்பும்போது ஒன்பதைத் தாண்டாது. அவசரத்தில் மிதித்தே ஓட்டினால் அதுவும் வராது.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று என் சகலை குமரேசன் வந்திருந்தார். மலரின் தங்கையை மணந்தவர். கீழ்பென்னாத்தூரில் பம்புசெட் மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவருடைய சின்ன டீசல் கார் இருபத்திரண்டு கொடுக்கும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க அவர் விட்டதே இல்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“மைலேஜ் என்ன குடுக்குது சகல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார், மாமியார், மலர்...

“பதினெட்டு” என்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பெங்களூரிலிருந்து ஓட்டி வந்தபோது கிருஷ்ணகிரி சாலையில் அந்தக் காரின் திரை ஒரு நேரம் பதினேழு புள்ளி எட்டு என்று காட்டியது. நான் அதைப் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். உண்மையிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துச் செய்த பொய்க்கு ஆயுள் அதிகம். எனக்கு அது அப்போது தெரியாது.

பிறகு அந்தப் பதினெட்டைக் காப்பாற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது. அலுவலகம் விட்டதும் யாருக்கும் தெரியாமல் பைபாஸ் பக்கம் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். திரையில் வரும் சராசரியை அழித்துவிட்டு, காலியான சாலையில் மெதுவாக ஓட்டி, நல்ல எண் வந்ததும் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவேன். ஒருநாள் பெட்ரோல் முள் வேகமாக இறங்குகிறதே என்று மலர் கேட்டாள்.

“முள்ளு கம்மியாத்தான் காட்டும். டர்போ வண்டில அப்படித்தான். லைட் எரிஞ்சாக்கூட எண்பது கிலோமீட்டர் ஓடும்” என்றேன்.

எண்பது! எங்கிருந்து வந்தது அந்த எண்பது? பதினெட்டோடு பொருந்த வேண்டுமே என்று வாயில் வந்தது. அன்று சாப்பிட உட்கார்ந்திருந்த குமரேசனும் அதைக் கேட்டார்.

இனி அந்த நாள்.

பௌர்ணமி. என் மாமனார் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டத்துக்குப் பயந்து மாமனாரும் மாமியாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களைப் பார்க்கக் குமரேசனும் மைத்துனியும் வந்தார்கள். கார் நுழையாது என்று பைக்கில் வந்திருந்தார்கள். எனக்கு வலது காலில் மாவுக்கட்டு. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்திருந்தேன். அந்த மூன்று வாரமும் மலர்தான் காரை ஊருக்குள் ஓட்டினாள், பதினெட்டை நம்பி. ரகசியமாகப் பெட்ரோல் போட ஆள் இல்லை.

காலை பதினொரு மணிக்கு மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, உடனே பாண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். முன்பே அவருக்கு இதய வைத்தியம் பார்த்த மருத்துவமனை அங்கேதான் இருந்தது. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் கூட்டத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. குமரேசன் என் சாவியை எடுத்தார். மாமனாரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, மைத்துனி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். கிளம்பிவிட்டார்கள்.

அரைமணி நேரம் கழித்து மைத்துனி கூப்பிட்டாள். மலர் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா, கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டோம். பெட்ரோல் லைட் எரியுதாம். செஞ்சியில நிறுத்திப் போட்டுக்கட்டுமா, இல்ல திண்டிவனம் வரைக்கும் போயிடுமான்னு கேக்குறாரு. அப்பாவுக்கு ரொம்ப வேர்க்குது மாமா.”

நான் கணக்குப் போட்டேன். ஆம், போட்டேன்! தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் என்னைக் காப்பாற்ற வேண்டாம். விளக்கு எரிந்தால் ஐந்து லிட்டர் இருக்கும். ஒன்பது என்றால் நாற்பத்தைந்து கிலோமீட்டர். திண்டிவனத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஆனால் போனில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் மிதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அந்த வேகத்தில் ஒன்பதும் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

செஞ்சியிலேயே போட்டுக்கோங்க. அவ்வளவுதான், அதைச் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மலர் என்னைப் பார்ப்பாள். ஏன், எண்பது ஓடும்னு சொன்னீங்களே என்று கேட்பாள். மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார்...

“லைட் எரிஞ்சாலும் எண்பது ஓடும். திண்டிவனம் தாராளமா போயிடும், நிக்காம போவச் சொல்லு” என்றேன்.

மாமியார் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். என் வார்த்தையில் அவருக்கு நிம்மதி வந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

திண்டிவனத்துக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் வயல். குமரேசன் சாலை நடுவில் நின்று கையை நீட்டினாராம். கார்கள் விலகிப் போயினவாம். கடைசியில் தர்பூசணி ஏற்றி வந்த ஒரு குட்டியானை வண்டி நின்றது. பழங்களை ஒதுக்கி, அவற்றுக்கு நடுவே மாமனாரைக் கிடத்தினார்கள். நாற்பது நிமிடம் போயிருந்தது. திண்டிவனத்துக்குள் நுழையும்போது அவருக்கு மூச்சு இல்லை.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் யாரும் சொல்லவில்லை. அதை என் மாமியார்தான் முதலில் சொன்னார். பத்தாம் நாளுக்குள் அது மருத்துவர் சொன்னதாகவே ஆகிவிட்டது. அவர் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

காரியம் நடந்த அன்று பேச்சு எழுந்தது. சர்வேயர் எண்பது என்றார். வண்டி நாற்பதுகூட ஓடவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? என் எண் தப்பாக இருக்கலாம் என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விளக்கு ஊருக்குள்ளேயே எரிந்திருக்கும், கூட்டத்தில் ஊர்ந்ததிலேயே பெட்ரோல் தீர்ந்திருக்கும், ஓட்டியவர் கவனித்திருக்க மாட்டார் என்று முடிவு கட்டினார்கள்.

மொட்டையடித்த தலையோடு என் மனைவியின் சித்தப்பா மகன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் குமரேசன் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“நான்தான் கவனிக்கல போல சகல. அது எப்ப எரிய ஆரம்பிச்சுதோ... வேங்கிக்கால்லயே எரிஞ்சிருக்குமோ?”

அவர் என்னிடம் கேட்டார். அளக்கத் தெரிந்தவன் என்று என்னிடம் கேட்டார்.

“இருக்கும்” என்றேன்.

ஒரே வார்த்தை. முதல் பொய்யைப் பெருமைக்குச் சொன்னேன், இரண்டாவதை மானத்துக்குச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எதற்குச் சொன்னேன்? அந்த மனிதர் தானாகவே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நான் கயிற்றை மாட்டினேன்.

குமரேசன் தன் காரை விற்றுவிட்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தில்தான் வருகிறார். மாமியார் அவருக்குச் சாப்பாடு போடுவார், முகம் பார்த்துப் பேசமாட்டார். அவர் ஓட்டும் பைக்கில் என் மைத்துனி இப்போதும் ஏறுவதில்லை. திதிக்கு வந்தால் மட்டும் குமரேசன் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு மட்டும் கூடத்தில் இலை போடுகிறார்கள்.

போன மாதம் அந்தக் காரை விற்றேன். வாங்க ஆள் பார்த்துக் கொடுத்ததே குமரேசன்தான். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம் ஊர்க் கேள்வியைக் கேட்டார்.

“மைலேஜ் என்ன குடுக்கும் சார்?”

குமரேசன் என் பக்கத்தில் நின்றார். இதோ, இந்த நிமிடம் என்று நினைத்தேன். ஒன்பது என்ற ஒரு சொல் போதும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், எல்லாம் அவருக்கு விளங்கிவிடும்... நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்.

“பதினெட்டு குடுக்கும்ங்க. சகல அளந்து சொன்னா அதுல தப்பே இருக்காது. ஆனா ஒண்ணு, லைட் எரிஞ்சா மட்டும் உடனே போட்டுக்கோங்க. என்ன மாதிரி கவனிக்காம இருந்துடாதீங்க.”

வாங்கியவர் தலையாட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன்.

ஒன்பது. அது ஒன்பதுதான். உங்களிடம் சொல்லிவிட்டேன். கீழ்பென்னாத்தூருக்கு எங்கள் தெருமுனையிலிருந்தே பேருந்து இருக்கிறது. நான் இன்னும் ஏறவில்லை.