காயில் கட்டிய கை

எழுபதுகளில் கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வைத்திருந்தோம். ஸ்டார்ட்டருக்குள் இரும்பை மேலே இழுக்கிற காயில், அந்தச் செம்புக் கம்பிச்சுருள், ஒருமுறை கருகிப்போனது. மோட்டார் கடை பாயிடம் புதிதாகக் கட்டி வாங்கினேன். ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஆயுத பூஜைக்கு மறுநாள் பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட்டர் உறுமுகிறதே தவிர, இரும்பு அசையவில்லை. நட்ட நாற்று தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சந்தேகம் பாய் மேல்தான். ஆள் அனுப்பி வரவழைத்து, வேலையாட்கள் முன்னாலேயே கேட்டேன்: "ஏனுங்க பாய், பழைய கம்பியச் சுத்திக் குடுத்துட்டீங்களா?"

அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். "காயிலுக்குக் கரண்ட் வருதுங்க. தொறந்து பாத்துரலாமுங்க."

நான் நம்பவில்லை. மெயினை அணைத்துவிட்டு அவர் கழற்றும்போது, எதையாவது மாற்றிவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரும்பை உருவியதும் தெரிந்தது. அதைச் சுற்றிலும் காய்ந்து இறுகிய சந்தனம். பூஜையன்று மூடியைக் கழற்றி, பக்தி முற்றிப்போய் உள்ளே வரைக்கும் அப்பியவன் நான்தான்.

பாய் சிரிக்கவில்லை. ஆட்களிடம் சொல்லவுமில்லை. சுரண்டிய சந்தனத்தை உள்ளங்கையிலேயே சேர்த்து, என்னிடம் நீட்டி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சாமிக்கு வெச்சதுங்க. கால் படாத எடத்துல போடுங்க."

மோட்டார் எடுத்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அந்தக் கையையா நான் அவ்வளவு நேரம் காவல் காத்தேன்?