நான் மாற்றிச் சொன்ன வலி

கறுத்த மரப்பெட்டி அது. உள்ளே அமிலக் குப்பிகள், வெளியே ஒரு பித்தளைத் திருகு, இரண்டு கம்பிகளின் நுனியில் ஈரப் பஞ்சுப் பட்டைகள். ரோச்சோர் பக்கம் மருத்துவம் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அதை வைத்து இடுப்பு வலிக்கு மின்சாரம் கொடுத்துவந்தார். ஊருக்குப் புதியவர், தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நோயாளிகள் சொல்வதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்வது என் வேலை.

ஒருநாள் காலை மண்டோர் வந்தார். தஞ்சோங் பகார் கப்பல்துறையில் நிலக்கரிக் கூலிகளை மேய்த்த கங்காணி. அவரை எனக்குத் தெரியும்; என்னை அவருக்குத் தெரியாது. என் அண்ணன் அவரிடம்தான் கூடை சுமந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, "வலியாவது கிலியாவது, நடிக்கிறான்" என்று துறை அலுவலகத்தில் சொன்னவர். மறுநாள் கப்பலுக்குப் போட்ட பலகையில் ஏறும்போது அண்ணன் கூடையோடு விழுந்தான். பிறகு நடக்கவே இல்லை. சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால், எங்கள் வாடகை அறையில், ஒன்பது மாதம் பாயோடு பாயாகக் கிடந்து செத்தான். அவன் முதுகுப் புண்ணைத் துடைத்தவன் நான்.

டாக்டர் மண்டோரைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். முதுகெலும்பின் அடிக்கணுக்கள் தேய்ந்திருக்கின்றன என்றார். பட்டைகளை வைத்துத் திருகைச் சற்றே திருப்பினார். தசை துடித்தது.

"சுள்ளுன்னு இழுக்குது. கொறைக்கச் சொல்லுங்க தம்பி."

ஒன்றும் உறைக்கவில்லையாம், கூட்டச் சொல்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் திருகை இன்னும் திருப்பினார். வெள்ளைக்காரர் முன்னால் கத்துவது கௌரவக் குறைச்சல் என்று மண்டோர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எனக்கு இனித்தது.

ஆனால் வைத்தியம் அவருக்கு ஒத்துக்கொண்டது. ஐந்தாம் தடவை சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தார். எனக்கு வெற்றிலை வாங்கிவந்து, கைராசிக்காரர் என்று வேறு புகழ்ந்தார். அண்ணனுக்குக் கிடைக்காத நடை இவருக்கு என் கண் முன்னால் கிடைப்பதா? அன்று டாக்டர் வலி எப்படி என்று கேட்டார். இன்னும் பாதி இருக்கிறது, தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்றார் மண்டோர். முழுவதும் போய்விட்டதாம், இனி வர மாட்டாராம் என்றேன் நான். டாக்டர் மகிழ்ந்து அவர் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கும் நானே பொருள் சொன்னேன்: இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லையாம், மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறார்.

ஓராண்டு கழித்துக் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். உடல் இரண்டாக மடிந்து, கோலை ஊன்றி நின்றார். நேராகப் போய், டாக்டர் உங்களைக் கைவிடவில்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அண்ணன் பெயரைச் சொன்னேன். பலகையிலிருந்து விழுந்ததையும் சொன்னேன். தலையை நிமிர்த்த முடியாமல் தரையைப் பார்த்தபடியே நெடுநேரம் யோசித்தார்.

"எத்தனையோ பேரு விழுந்தாங்க தம்பி. இவன் எவன்னு ஞாபகம் வரலியே."

பொய்யில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. இன்று எனக்கும் வயதாகிவிட்டது, குனிந்தால் நிமிர முடிவதில்லை. செய்ததற்கு ஒருநாளும் நான் வருந்தியதில்லை. அது போதவில்லையே என்றுதான் வருத்தம்.