பெரட்டுக் களத்துப் பாட்டு

இரண்டாவது ஆல்பத்துக்குப் பதினோரு வருடம் கழித்து எங்கள் மூன்றாவது ஆல்பம் வெளிவந்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. இலங்கை மலைநாட்டில், பதுளைப் பக்கம் ஒரு பங்க் ராக் இசைக்குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. நாங்கள் நால்வர். டிரம்ஸ் அடிப்பவர் ஹாலிஎலயில் ஆட்டோ ஓட்டுகிறார். கிட்டார்காரருக்கும் பேஸ்காரருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பாடுகிறவள், அதாவது கத்துகிறவள், நான். பகலில் பள்ளிக்கூட டீச்சர். பேய் வேகம் எங்களுடையது. மெட்டு மட்டும் மாதா கோயில் பாடகர் குழுவில் படித்தது.

எங்கள் பாட்டுகளில் பெயர்போனது ஒரு பெரட்டுப் பாட்டு. அம்மா சொன்ன கதை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தால்தான் தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்கு வேலை. பிந்தி வந்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். நான் அப்போது கைக்குழந்தை. காய்ச்சல். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல்காரப் பிள்ளையை வாங்க மறுத்துவிட்டார்கள். என்னைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் ஒருத்தியிடம் விட்டுவிட்டு அம்மா ஓடியிருக்கிறார். ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. "வீட்டுக்குப் போ" என்றாராம் கங்காணி. கொட்டும் மழையில் வெறுங்கூடையோடு திரும்பி நடந்தாராம் அம்மா.

எந்தக் கங்காணி என்று கேட்டால், "எவரா இருந்தா என்ன, விடு" என்பார். தோட்டத்தில் மூன்று கங்காணிகள். ஒருவர் என் அப்பா. எந்தப் புருஷன் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்புவான் என்று அவரைக் கழித்துவிட்டு, மீதி இருவரையும் இருபது வருடம் மேடை மேடையாகத் திட்டினேன். பாட்டின் முடிவில் அந்தக் கங்காணியை "வெளிய வா, வெளிய வா" என்று நான் கத்திக் கூப்பிடுவேன். கூட்டமும் சேர்ந்து கத்தும்.

பழைய பதிவின் வேகத்தில் ஒரு சொல்லும் விளங்காது. இந்த ஆல்பத்துக்காக மறுபடி பதிந்தபோது என் தொண்டை ஒத்துழைக்கவில்லை. "கொஞ்சம் மெதுவா, மெட்டோட பாடுங்க டீச்சர்" என்றார் கிட்டார்காரர். பாடினேன். சொல்லுக்குச் சொல் விளங்கியது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பா என் போனைக் காதோடு வைத்து அந்தப் பாட்டையே மூன்று தரம் கேட்டார்.

"இது ஒங்க அம்மா கததானே?"

"ஆமாப்பா."

"திருப்பி அனுப்புனது நாந்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"முந்தின நாளுதான் பிந்தி வந்த இன்னொருத்திய திருப்பி அனுப்பியிருந்தேன். பொஞ்சாதிய மட்டும் விட்டா நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா? சாயந்தரம் வந்து அவ சுட்ட ரொட்டியத்தான் தின்னேன். புள்ளைக்கு எப்புடி இருக்குன்னுகூட கேக்கல."

எனக்கு முதல் மைக் வாங்கித் தந்த மனுஷன் இவர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். நான் விரலைத் துருவிக்கொண்டதையும் தேங்காய்ப்பூவில் ரத்தம் பட்டதையும்கூட அம்மாதான் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை மாலை பதுளையில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டுக் கச்சேரி. அந்தப் பாட்டு வேண்டாம் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஊரானத் திட்டுறப்ப இனிச்சுச்சா? பாடு. நானும் வாரேன்."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டாக அதைத்தான் பாடினேன். "வெளிய வா" வரும் இடத்தில் வாய் திறக்க முடியவில்லை. நான் நிறுத்தியது எதனால் என்று தெரியாத கூட்டம் தானே கத்தத் தொடங்கியது. வெளிய வா! வெளிய வா!

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

தாத்தா ஆடப்போகிறார் என்று நினைத்துப் பின்னால் விசில் அடித்தார்கள். அவர் ஆடவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்போல நின்றார். அம்மா அவரை உட்கார வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. கூட்டம் கத்தி ஓயும்வரை, டிரம்ஸ் நிற்கும்வரை, அவரை நிற்கவிட்டார்.

பிறகுதான் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"சரி, உக்காருங்க" என்றது எனக்கு மேடையிலேயே கேட்டது.