அக்கினி மூலையில் ஒரு திசைமலர்

சென்ற மாதம் என் மகனுடன் டைல்ஸ் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். ‘தரையோடு’ என்று சொல்லிப் பார்த்தேன். கடையில் நின்ற பிள்ளைக்கு விளங்கவில்லை. ஆகவே டைல்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு ஓடுகளை ஒட்டவைத்தால் எட்டிதழ்த் திசைமலர் ஒன்று உருவாகும்படி பளபளவென்று அச்சிட்டு வைத்திருந்தார்கள். நிலப்படத்தின் மூலையில் வடக்கையும் தெற்கையும் காட்டி விரிந்திருக்குமே, அந்த அலங்காரப் பூவைத்தான் சொல்கிறேன். வியந்து நின்ற என்னிடம் அந்தப் பிள்ளை ஊக்கமாகச் சொன்னான்: “எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பி ஒட்டிக்கலாம் சார். ரூமுக்குத் தக்கன வச்சுக்கலாம்.” எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேளை, வளர்மதி உடன் வரவில்லை.

வளர்மதி என் துணைவி. அந்தப் பெயருக்காகவே பாதி மனம் இசைந்தவன் நான்; மீதிப் பாதியை அவள் பார்த்துக்கொண்டாள். உசிலம்பட்டிக்கு மேற்கே, மானாவாரி நிலத்தில் சோளமும் பருத்தியும் விளைவித்த குடும்பத்தில் பிறந்து, மதுரைக்கு வந்து புவியியல் பயின்றவள். கடலை அவள் அதுவரை கண்டதில்லை. மழைக்கு வானத்தையே பார்த்துக் கிடந்த ஊர்க்காரிக்குக் கடல்வழிப் படங்கள் மீது அப்படியொரு மயக்கம். அவற்றிலும் மூலையில் மலர்ந்திருந்த பூவின் மீதே கூடுதல் மயக்கம். எழுபதுகளின் பிற்பகுதியில், நான் பசுமலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தபோது, அங்கேயே சிறு வீடு கட்டத் தொடங்கினோம். அடுப்படி எவ்வளவு அகலம், அலமாரி எந்தச் சுவரில் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. கூடத்துத் தரையின் நடுவில் திசைமலர் வேண்டும், அதைத் தன் கையாலேயே வரைய வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அந்நாளைய சிவப்புக் காவித் தரையை நீங்கள் மிதித்திருக்கிறீர்களா? ஈரச் சிமென்ட்டும் காவிப்பொடியும், மெருகுக்காகத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் கலந்து ஒரு மணம் எழும். அதன் குளிர்ச்சியோ தனி. கத்திரி வெயிலில் அத்தகைய தரையில் கவிழ்ந்து படுத்துத் தேர்வுத்தாள் திருத்தி, அப்படியே உறங்கிப்போய், யாரோ ஒரு மாணவனின் விடையைக் கன்னத்தில் மையாகச் சுமந்து எழுந்தவன் நான். விடை தவறு என்பதை வளர்மதிதான் படித்துச் சொன்னாள்.

தரை போட்டவர் முத்திருளாண்டிக் கொத்தனார். வளர்மதி நடுவில் ஆணி அறைந்து, நூல் கட்டி, வட்டம் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னம்மா இது, காத்தாடியா?”

“திசைமலர்” என்றேன், வகுப்புக் குரலில்.

“அதான் சார், காத்தாடி.”

நெடிய இதழ் நான்கு, குறிய இதழ் நான்கு. ஒவ்வோர் இதழையும் நடுக்கோட்டால் பிளந்து, ஒரு பாதிக்கு மஞ்சளும் மறு பாதிக்குக் கறுப்பும் நிரப்பினாள். தட்டைத் தரையில் இதழ்கள் மடிந்து எழுந்து நின்றதுபோல் தோன்றின. வடக்கு இதழின் நுனியில் மட்டும் ஒரு தாமரை மொட்டு. நெடிய இதழ்களின் தலையில் கி, தெ, மே, வ என எழுத்துகள். நான் கற்பித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலிருந்து காந்த ஊசியை இரவல் வாங்கி வந்ததே என் பங்கு. ஊசியோ கொத்தனாரின் கரண்டிப் பக்கமே திரும்பி நின்றது. “ஊசி என்னையத்தான் காட்டுது சார்!” என்று அவருக்குப் பெருமை. கரண்டி, சட்டி அனைத்தையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் வளர்மதி வடக்கைக் கண்டுபிடித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடிய சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து சென்றது. சாலையைப் பார்த்துக் கட்டிய வீடுகளின் வாசலெல்லாம் உண்மையில் தென்கிழக்கை, அதாவது வாசலுக்கு ஆகாதென்னும் அக்கினி மூலையை, நோக்கியிருந்தன. ஊரார் நயமாக அவற்றைக் ‘கிழக்கு வாசல்’ என்றே அழைத்துவந்தனர். வளர்மதியின் பூ அந்த நயத்தை அறியாது. அதன் நெடிய இதழ்கள் சுவர்களை விட்டுவிட்டு மூலைகளை நோக்கி நீண்டன. வாசலுக்கு நேரே குறிய இதழ் ஒன்றுதான் நின்றது.

என் மாமனார் வந்து பார்த்தார். வலம், இடம் என்னும் சொற்களே அவர் வீட்டில் வழங்கா. பந்தியில் கூட “வாளியத் தெக்கால தள்ளு” என்பார்கள். அப்படிப்பட்டவர், பூவை ஒரு பார்வையில் படித்துவிட்டார்.

“ஏம்மா, கெழக்கு வாச வீடுன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். நீ என்னடான்னா அக்கினி மூலையில வாசன்னு பூப்போட்டுக் காட்டுற!”

“இருக்கிறதத்தானப்பா காட்டுறேன்.”

“பேத்து எடுத்துட்டுத் திருப்பிப் போட்டா என்ன, கொறஞ்சா போயிரும்?”

“திருப்பிப் போட்டா அது வெறும் கோலம்ப்பா.”

“அப்ப அந்தப் பூவு கெடக்கிற வரைக்கும் நா வாசப்படி தாண்ட மாட்டேன். மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க.”

எப்பொருள் பற்றியும் ஒரு மணிநேரம் பேச வல்ல நான், “தண்ணீர் அருந்துகிறீர்களா, மாமா?” என்றேன்.

“தண்ணியும் வேணாம், ஒங்க தமிழும் வேணாம்!” என்று உசிலம்பட்டிப் பேருந்து ஏறிவிட்டார்.

தாயை இளமையிலேயே இழந்தவள் வளர்மதி. புதுமனையில் பால் காய்ச்சும்போது தந்தைதான் உள்ளே வந்து முதலில் பானையில் பால் ஊற்ற வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை. அவளுக்கு அப்பாவும் வேண்டும், வடக்கும் வேண்டும். பூவைப் பெயர்க்கச் சொல்லலாமா என்று நான் ஒருமுறை மெல்லக் கேட்டேன். அவள் எண்ணெய்த் துணியை எடுத்துப் பூவைத் துடைக்கத் தொடங்கினாள். அன்று நெடுநேரம் துடைத்தாள்.

புதுமனை புகுவிழாவன்று மாமனார் வரத்தான் செய்தார். பித்தளைப் பானையும் வாழைத்தாருமாக வந்து, சொன்ன சொல் மாறாமல் பந்தற்காலைப் பிடித்தபடி வெளியே நின்றார். வளர்மதி இருமுறை வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை போகவில்லை. கூடத்தின் நடுவில், பூவின் மையத்தில் மட்டும் மணல் கொட்டிச் செங்கல் அடுக்கி, அவர் கொண்டுவந்த பானையில் தானே பாலை ஊற்றினாள்.

பால் பொங்கிக் கிழக்கேயோ வடக்கேயோ வழிய வேண்டும். மேற்கும் தெற்கும் ஆகா. இது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எல்லாரும் பானையையே பார்த்திருந்தோம். நுரை எழுந்தது, விளிம்பு கடந்தது, உள்மூலை ஒன்றை நோக்கி ஓடிற்று.

“ஆத்தி! மேக்கு மூலைக்குல்ல போகுது!” என்று அலறினார் வளர்மதியின் அத்தை.

அடுத்த நொடி மாமனார் உள்ளே நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது. மறு காலில் இல்லை. குனிந்தார். பால் ஓடிய இதழைத் தொடர்ந்து போய், நுனியிலிருந்த எழுத்தின்மேல் விரல் வைத்தார்.

“எவடி மேக்குன்னது? ‘வ’ன்னு எம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு, கண்ணு தெரியல? வடக்கால பொங்கியிருக்குடி! எம் பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது!”

“வாச கெழக்குன்னா இது மேக்கு மூலைதானண்ணே?”

“வாச கெடக்குது, விடு. வீடுதான் கோணலு. பூவு நேரா இருக்கு.”

கொத்தனார் என் காதருகே வந்தார். “தர கழுவுற தண்ணி ஓட, வாட்டம் அந்த மூலைக்குத்தான் விட்டுருக்கேன் சார். சொல்லிராதீங்க.” நான் சொல்லவில்லை. வளர்மதிக்குத் தெரிந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அவள் தந்தையின் கால்களைப் பார்த்தாள். “உள்ள வந்துட்டீங்கப்பா.”

“வந்தா என்ன? எம் மக வீடுதான?” என்றார் அவர். பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

அதன்பின் எப்போது வந்தாலும் தாமரை மொட்டின் அருகில்தான் அவருக்கு இலை போட வேண்டும். விருந்தினர் எவரேனும் கிழக்கு வாசலா என்று கேட்டால், நாங்கள் வாய் திறக்குமுன் அவரே பூவைக் காட்டித் திருத்துவார்.

அவர் மறைந்தபின் பல்லாண்டு கழித்துச் சாலையை அகலப்படுத்தினார்கள். பந்தற்கால் நின்ற இடம், வாசற்படி, பூவிருந்த கூடம் மூன்றும் தாருக்கு அடியில் போயின. எஞ்சிய இரண்டு அறைகளை விற்றுவிட்டு அடுக்ககத்துக்குக் குடிவந்தோம். இங்கே எவரும் தெக்கால, வடக்கால என்று பேசுவதில்லை. ‘லெப்ட்ல போங்க’ என்கிறார்கள், நானும் போகிறேன்.

திருமங்கலம் போகும் பேருந்தில் அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் வளர்மதி இரு பாதங்களையும் சற்றே மேலே தூக்கிக்கொள்கிறாள். கடந்த பிறகு இறக்கி வைக்கிறாள். நான் அப்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.