பட்டவர் கை தூக்க வேண்டும்

மும்பைக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் எனக்கு ஒன்று மட்டும் பழகவில்லை. லோக்கல் ரயிலில் தோளோடு தோள் நசுங்கி வருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கிரிக்கெட் நாளில் மட்டும் எவனாவது ‘ஸ்கோர் க்யா ஹுவா?’ என்று கேட்டால் போதும், பெட்டி முழுக்கச் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். பந்து மட்டையில் உரசியது தனக்கே தெரிந்தும், கேமரா சொல்லட்டும் என்று பிள்ளையார் மாதிரி நிற்கிறவர்களுக்காக இத்தனை உறவு. எனக்கு இளக்காரமாகத்தான் இருக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் விசுவநாதனும் அந்தக் கூட்டம்தான். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்காவில் மூன்று தலைமுறை. நான் இருக்கும் தாராவியை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர். கபடி என்றால் அவருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரள்வது. ஒருநாள் கேன்டீன் மேஜையில் உப்பைத் தூவி நடுக்கோடு போட்டு, டீ கிளாஸ்களை ஆட்களாக நிறுத்தி விளக்கினேன். பாடிப் போகிறவர் எதிராளியைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் தன் பக்கம் திரும்ப வேண்டும். பட்டவர் அவுட்.

“விரல் நுனி பட்டதை அம்பயர் எப்படிப் பாப்பார்?”

“அம்பயர் எதுக்கு வே? பட்டவனுக்குத் தெரியாதா? அவனே கையத் தூக்கிட்டு வெளிய போவான்.”

“தூக்கலைன்னா?”

“இது உம்ம கிரிக்கெட்டு இல்ல.”

பெருமைக்குச் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அப்படித்தான் ஆடினோம். பக்கத்து ஊரோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், சுண்டுவிரல் நகத்தில் பட்டதற்கு நான் கை தூக்கியதால் தோற்றோம். ஊரில் இன்னும் அதைச் சொல்கிறார்கள்.

போன மாதம் எங்கள் ஊரிலிருந்தே ஓர் அணி தாராவிக் கோயில் கொடை விழாவுக்கு ஆட வந்தது. தாராவி அணியில் ஓர் ஆள் குறைய, நான் இறங்கினேன். விசுவநாதனையும் இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஆடுகிறவர்களின் கால்களையே பாரும் என்று சொல்லியிருந்தேன். ஒரு புள்ளி எங்களுக்குக் கூடுதல். கடைசியாகப் பாடி வந்தவன் என் அண்ணன் மகன் முருகன். திரும்பும்போது காலை நீட்டினான். என் கால் பெருவிரலில் பட்டது. கை தூக்கினால் சமன்.

நான் தூக்கவில்லை. தாராவி ஜெயித்தது என்று பையன்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

முருகன் மூச்சு வாங்கிக்கொண்டே கிட்டே வந்தான். “சித்தப்பா, காலு பட்டுச்சுல்லா?”

“இல்லல.”

“சரி சித்தப்பா.” அதற்கு மேல் அவன் கேட்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கோட்டுக்கு வெளியே வந்ததும் விசுவநாதன் மெதுவாகச் சொன்னார். “பட்டாக் கையத் தூக்கணும்னு சொன்னேளே. நான் உங்க காலைத்தான் பாத்துண்டிருந்தேன்.”

“உமக்கு ஆட்டம் தெரியாது வே,” என்றேன். தெரியாதவருக்கு ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்துத் தொலைத்தது நான்தான்.

பிறகு களத்திலேயே இரண்டு அணியையும் சேர்த்து யாரோ போட்டோ எடுத்தார்கள். தாராவிப் பையன்கள் ஒரு பக்கம் இழுக்க, “சித்தப்பா, நம்ம ஆளுவளோட நில்லுங்க,” என்று முருகன் மறுபக்கம் இழுத்தான். நான் நடுக்கோட்டின் சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு நின்றேன். படத்தில் எல்லோரும் கையைத் தூக்கியிருக்கிறார்கள். நான் மட்டும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருக்கிறேன்.